வட கொரியர் பேசினால் தென் கொரியருக்குப் புரியுமா?

“இரண்டு கொரியாவும் பிரிந்து எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நாளைக்கே எல்லையைத் திறந்துவிட்டால் அந்தப் பக்கத்து ஆள் பேசுவது இந்தப் பக்கத்து ஆளுக்குப் புரியுமா? நாடகங்களில் வடக்கத்தியர் பேசுவதாகக் காட்டுகிறார்களே, அப்படித்தான் நிஜத்திலும் பேசுவார்களா?” என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். கேள்வி மொழியைப் பற்றியது மாதிரி இருந்தாலும் அவர் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. இவர்கள் இன்னமும் ஒரே சனங்கள்தானா, இல்லை பேருக்குத்தான் ஒரே இனமா? மொழிக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் உண்டு: புரியும். மற்றதற்குத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் நான் எங்கே நின்றுகொண்டு பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கொரிய மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. சியோலில் ஒன்பது வருடம் இருந்தேன். அதில் நான்கு வருடம், சனிக்கிழமைகளில், வடக்கிலிருந்து வந்த இளைஞர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். வடக்கே நான் கால் வைத்ததில்லை. எனக்குத் தெரிந்த வடக்கு, வந்தவர்கள் வாயால் கேட்ட வடக்கு. அப்படி வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் சீன எல்லையை ஒட்டிய வட ஹாம்க்யோங், ரியாங்காங் மாகாணத்துக்காரர்கள். பத்துக்கு ஏழு பேர் பெண்கள். பியோங்யாங்கில் வசதியாக இருப்பவர்கள் ஏன் வரப்போகிறார்கள்? ஆகவே நானோ வேறு யாரோ “வட கொரியர்கள் இப்படித்தான்” என்று சொன்னால், எந்த ஊர் வட கொரியர் என்று மனசுக்குள் ஒரு கேள்வியைப் போட்டுக்கொள்வது நல்லது.

வகுப்பு தொடங்கிய முதல் குளிர்காலத்தில் ஒரு பையன், இருபது வயது இருக்கும், வாசல் படியில் பனியில் வழுக்கி விழுந்தான். ஓடிப்போய்க் கைகொடுத்து, அடிபட்டதா என்று கேட்டேன். “இரொப்சும்னிதா” என்றான், முகத்தைக்கூடத் திருப்பாமல். எனக்குச் சுருக்கென்றது. நான் படித்த சியோல் கொரியத்தில் அதற்கு ‘உன் சோலியைப் பார்த்துக்கொண்டு போ’ என்கிற தொனி. வடக்கில் அது ‘பரவாயில்லை, ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்லும் சாதாரண மரியாதைச் சொல். நாடகம் பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன ‘கென்சனாயோ’ இருக்கிறதே, அதே இடத்தில் அவர்கள் இதைச் சொல்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘காரியம் ஒன்றும் இல்லை’. இரண்டு பக்கமும் இதே சொல்தான், இதே எழுத்துதான், அகராதியிலும் ஏறக்குறைய இதே பொருள்தான். ஆனால் ஒரு பக்கத்தில் கனிவு, மறு பக்கத்தில் எரிச்சல். அந்தப் பையன் சியோலில் முதல் ஆறு மாதம் எத்தனை பேரிடம் இதைச் சொல்லி எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள் என்று நினைத்துப்பார்த்தேன். அவனுக்குக் காரணமே தெரிந்திருக்காது.

மொழியில் எது உறுதி என்று பார்த்துவிடலாம். இலக்கணம் ஒன்றுதான். எழுத்தும் ஒன்றுதான். 1446இல் அரசர் செஜோங் வெளியிட்ட அதே எழுத்து. தெற்கே அதை ஹங்குல் என்கிறார்கள், அக்டோபர் 9 அதற்கு விழா. வடக்கே சோசொன்குல் என்கிறார்கள், விழா ஜனவரி 15. நாட்டின் பெயரே இரண்டு பக்கமும் வேறு: தெற்குக்கு ‘ஹான்குக்’, வடக்குக்கு ‘சோசொன்’. உச்சரிப்பில் பளிச்சென்று தெரியும் ஒரு வித்தியாசம், சில சொற்களின் முதல் எழுத்து. பெண் என்பதற்குத் தெற்கே ‘யோஜா’, வடக்கே ‘ந்யோஜா’. நாம் ‘லீ’ என்று எழுதும் குடும்பப் பெயரைத் தெற்கத்தியர் ‘ஈ’ என்பார்கள், வடக்கத்தியர் ‘ரி’ என்பார்கள். ஒரே தாத்தாவின் பேரன்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்தால் பெயர்ப்பலகையில் வேறு வேறு குடும்பம் மாதிரித் தெரிவார்கள். இதெல்லாம் நெல்லைக்காரர் பேச்சும் கோவைக்காரர் பேச்சும் அளவுக்குத்தான். அரை நாளில் காது பழகிவிடும்.

சந்தேகத்தோடு பார்க்க வேண்டியவையும் உண்டு. வடக்கே ஐஸ்கிரீமை ‘ஒரும்போசுங்கி’ என்பார்கள் என்று தெற்கத்தியர் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எங்கள் வகுப்பில் கேட்டேன். ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. ‘ஐஸ்கிரீம்’ என்றார்கள், சிலர் ‘எஸ்கிமோ’ என்றார்கள். அகராதிக்காரர்கள் அந்நியச் சொல்லை விரட்டுவதற்காக உண்டாக்கிய சொல் அது, கடைத்தெருவில் ஒட்டவில்லை. நம் ஊர்க் கடையில் போய் ‘பனிக்கூழ் ஒன்று கொடுங்கள்’ என்று கேட்டால் எப்படியோ அப்படி. அதேபோல இரண்டு கொரியத்துக்கும் இத்தனை சதவிகிதம் வேறுபாடு என்று செய்திகளில் எண்கள் அடிபடும். அன்றாடப் பேச்சை எண்ணினார்களா, மருத்துவமும் பொறியியலும் சேர்த்து எண்ணினார்களா என்று பாருங்கள். தொழில்சொல்லில் பிளவு மிகப் பெரிது, வீட்டுப் பேச்சில் சிறிது. இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகச் சொன்னால் பயமுறுத்தத்தான் உதவும்.

தொழில்சொல் பிளவு எப்படி இருக்கும் என்பதை 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் உலகமே பார்த்தது. தெற்கே உள்ள பியோங்சாங்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கிக்கு இரண்டு கொரியாவும் சேர்ந்து ஒரே அணியை இறக்கின. தெற்கே 23 பேர், வடக்கே 12 பேர். தெற்கத்தியருக்கு ‘பாஸ்’ என்பது பாஸ்தான். வடக்கத்தியருக்கு அது ‘யொல்லாக்’, அதாவது தொடர்பு. ‘விங்கர்’ வடக்கே ‘நல்கேசு’, சிறகுக்காரர். பனித்தளத்தில் வேகமாக ஓடும்போது அகராதி புரட்ட முடியுமா? கடைசியில் பயிற்சிக் குழு சொற்பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் கையில் கொடுத்தது. எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள், அது வேறு விஷயம். பிரியும்போது கட்டிப்பிடித்து அழுதார்கள்.

அதே பிப்ரவரியில், சியோலுக்கு வந்திருந்த கிம் ஜோங் உன்னின் தங்கை கிம் யோ ஜோங்கோடு மதிய விருந்து. தென் கொரிய அதிபரின் தலைமைச் செயலர் இம் ஜோங் சோக் பேச்சுவாக்கில், ‘ஓஜிங்ஒ’வும் ‘நக்ஜி’யும் நம் இருவருக்கும் தலைகீழாக இருக்கின்றனவே என்றார். தெற்கே நக்ஜி கேட்டால் தட்டில் சின்ன ஆக்டோபஸ் வரும், வடக்கே கேட்டால் கணவாய் வரும். “அப்படியென்றால் முதலில் அதை ஒன்றாக்க வேண்டும்” என்று கிம் யோ ஜோங் பதில் சொன்னார். அந்தச் சிரிப்பு எத்தனை நாள் நீடித்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் மாணவர்களுக்கு உண்மையில் தொல்லை கொடுத்தது சுத்தமான கொரியச் சொற்களே இல்லை, தெற்கே பேச்சோடு பேச்சாகக் கரைந்துவிட்ட ஆங்கிலம்தான். சியோலின் சிறு உணவகங்களில் சுவரில் ‘தண்ணீர் செல்ஃப்’ என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். நீயே போய்ப் பிடித்துக்கொள் என்று அர்த்தம். வகுப்புக்கு வந்த ஒரு பெண், சியோலில் முதன்முதலாகத் தனியாகச் சாப்பிடப் போன அன்று, ‘செல்ஃப்’ என்பது ஏதோ ஒரு கம்பெனித் தண்ணீரின் பெயர் என்று நினைத்து, கொண்டுவருவார்கள் என்று காத்திருந்து, காரக் குழம்பைத் தண்ணீர் இல்லாமலே சாப்பிட்டு முடித்துவிட்டு வந்தாள். யாரையாவது கேட்டிருக்கலாமே என்றேன். வாயைத் திறந்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும் என்றாள்.

அவள் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. பேச்சு நன்றாகவே புரிகிறது, புரிவதாலேயே மாட்டிக்கொள்கிறார்கள். வேற்றுமொழிக்காரன் என்றால் தப்பாகப் பேசினாலும் பாராட்டுவார்கள், என்னைப் பாராட்டாத டாக்ஸிக்காரர் இல்லை. அதே ஊரில், பிறந்ததிலிருந்து கொரியம் பேசும் பெண், ‘ஹாம்க்யோங் வாடை’ அடிக்காமல் பேசுவதற்குக் கண்ணாடி முன்னால் பயிற்சி செய்வாள். வேலைக்கான நேர்முகத்தில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் தெற்குப் பக்கத்துக் காங்வொன் மாகாணம் என்று சொல்லிவிடுவோரும் உண்டு. சீனாவின் யென்பியன் பகுதிக் கொரியர் என்று சொல்லிக்கொள்வோரும் உண்டு, ஆனால் சியோலில் அவர்களுக்கும் பெரிய மரியாதை ஒன்றும் கிடைப்பதில்லை.

சொல்லுக்கு அடியில் இருக்கும் பழக்கம் இன்னும் ஆழமானது. சியோலில் இருவர் பிரியும்போது ‘ஒரு நாள் சேர்ந்து சாப்பிடுவோம்’ என்பார்கள். நம் ஊரில் ‘ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்க’ என்போமே, அந்த ரகம். தேதி கேட்டால் சங்கடம். வடக்கிலிருந்து புதிதாக வந்தவர் அதை நம்பி, போன் வருமென்று வாரக்கணக்கில் காத்திருந்து, பிறகு ‘தெற்கத்தியர் பொய்யர்கள்’ என்று முடிவுகட்டுவார். இந்தக் குறையை நான் கேட்காத வருடம் இல்லை. மறுபக்கம் பாருங்கள்: வடக்கே பள்ளிப் பருவத்திலிருந்து வாராவாரம் விமரிசனக் கூட்டம் நடக்கும். எழுந்து நின்று தன் குறையைச் சொல்ல வேண்டும், அப்புறம் பக்கத்தில் இருப்பவர் குறையையும் சொல்ல வேண்டும். அதில் வளர்ந்தவர் அலுவலகத்தில் சக ஊழியரின் தப்பை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அவருக்கு அது நேர்மை, கேட்டவருக்கு அது அடாவடி. இருவரும் பேசியது ஒரே கொரியம்தான்.

இந்த விலகல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பழைய பகை எதுவும் இல்லை. 1910 முதல் 1945 வரை முழுத் தீபகற்பமும் ஜப்பானின் பிடியில் இருந்தது. ஜப்பான் சரணடையும் தறுவாயில், 1945 ஆகஸ்ட் 10 இரவு, வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு இளம் கர்னல்கள் ஒரு பத்திரிகை நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்து, அரை மணி நேரத்தில், 38ஆவது அட்சக்கோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். வடக்கே சோவியத் படை, தெற்கே அமெரிக்கப் படை. கொரியர் ஒருவரையும் கேட்கவில்லை. 1948இல் இரண்டு அரசுகள், 1950 ஜூன் 25 போர், 1953 ஜூலை 27 போர்நிறுத்தம். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. புதுக் கோடு பழைய கோட்டின் மேலேயே விழவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. போருக்கு முன் தெற்கில் இருந்த கேசோங் நகரம் வடக்குக்குப் போயிற்று. வடக்கில் இருந்த சொக்சோ தெற்குக்கு வந்தது. ஐந்து வருடத்தில் ஆட்சி மாறி, கொடி மாறி, பள்ளிக்கூடப் புத்தகம் மாறிய ஊர்கள் இவை.

சொக்சோவுக்குப் போனால் ‘அபாய் மாவுல்’ என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. அபாய் என்றால் ஹாம்க்யோங் வழக்கில் பெரியவர், தாத்தா. 1950-51 குளிர்காலத்தில் பின்வாங்கிய படைகளோடு வந்த ஹாம்க்யோங் சனங்கள், சில வாரத்தில் ஊர் திரும்பிவிடலாம் என்று எல்லைக்கு ஆகக் கிட்டத்தில் கடற்கரை மணலில் குடிசை போட்டார்கள். அங்கிருந்து நகரத்துக்குப் போகக் கம்பியைக் கொக்கியால் இழுத்து நகர்த்தும் தட்டைப் படகு ஒன்று உண்டு. பயணிகளும் சேர்ந்து இழுக்கலாம். நான் போனபோது கணவாய்க்குள் அரிசியும் காய்கறியும் அடைத்து அவிக்கும் ‘சுந்தே’ விற்றுக்கொண்டிருந்த அம்மா, தன் மாமனார் கடைசிவரை சொந்தமாக வீடு வாங்க மறுத்தார் என்றார். வாங்கினால் இங்கேயே இருந்துவிடுவதாக அர்த்தமாகிவிடுமாம்.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஊர் திரும்ப மறுத்த கைதிகளை என்ன செய்வது என்று தீர்க்கும் ஆணையத்துக்கு இந்தியா தலைமை தாங்கியது, தலைவர் ஜெனரல் திம்மய்யா. கைதிகளில் 76 கொரியர்கள் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்றார்கள். அவர்களும் 12 சீனக் கைதிகளும் 1954 பிப்ரவரியில் இந்தியப் படையினரோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பிறகு பெரும்பாலானோர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள், ஒரு சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றபோது இரண்டும் வேண்டாம் என்றவர்களின் வாழ்க்கையைப் பற்றிக் கொரியாவிலேயே அதிகம் பேசுவதில்லை.

குடும்பங்களுக்கு வருவோம். 1983 ஜூன் 30 அன்று தென் கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சி, போரில் சிதறிய உறவுகளைத் தேடும் நேரடி நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. ஒரு ராத்திரியில் முடிய வேண்டியது 138 நாள் ஓடியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. ஆனால் அவர்கள் பெரும்பாலும் தெற்குக்குள்ளேயே ஒருவர் இருப்பது ஒருவருக்குத் தெரியாமல் வாழ்ந்தவர்கள். எல்லை தாண்டிய தேடலுக்கு 1988 முதல் பெயர் பதிந்தவர்கள் ஏறக்குறைய 1,34,000 பேர். இன்று உயிரோடு இருப்பவர்கள் 40,000க்கும் கீழே, அவர்களிலும் பெரும்பான்மை எண்பது தாண்டியவர்கள். 2000இலிருந்து 2018வரை 21 சுற்றுகளாக நேரில் சந்திக்கவைத்தார்கள். கணினிக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். 2018 ஆகஸ்டில் சுமார் 57,000 பேர் காத்திருக்க, முதல் தவணையில் தெற்கிலிருந்து போனவை 89 குடும்பங்கள். வடக்கே உள்ள கும்காங் மலையில் மூன்று நாள், அதில் சேர்ந்திருந்த நேரம் மொத்தம் பதினொரு மணி நேரம் போல. அதன் பிறகு கடிதம் கிடையாது, தொலைபேசி கிடையாது, இரண்டாம் சந்திப்பு கிடையாது. கடைசி நாள் பேருந்துக் கண்ணாடிக்கு உள்ளேயும் வெளியேயும் கைவைத்து நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சந்தித்துவிட்டு வந்தவர்களில் பலருக்கு மனச்சோர்வு பிடித்துக்கொள்ளும். சந்திக்காமலே இருந்திருக்கலாம் என்று சொன்ன ஒரு முதியவருக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். தம்பி பற்களெல்லாம் போய்த் தன்னைவிடக் கிழவனாக உட்கார்ந்திருந்ததை அவரால் மறக்க முடியவில்லை. அந்தச் சந்திப்புக்கென்று கும்காங் மலையில் கட்டிய கட்டடத்தை வடக்கு இடிக்கிறது என்று 2025 பிப்ரவரியில் சியோல் அறிவித்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் கொரியர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். பியோங்யாங் நேங்மியோன் என்பது மாட்டிறைச்சிச் சாறும் முள்ளங்கி ஊறுகாய் நீரும் கலந்த குளிர்ந்த சாற்றில் போடும் பக்வீட் நூடுல்ஸ். முதல் முறை சாப்பிட்டால் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும், நாலாவது முறை விட மனசு வராது. தெற்கே இதற்கென்றே பண்டிதர்கள் இருக்கிறார்கள். சாற்றில் வினிகரோ கடுகோ சேர்ப்பவன் நாகரிகம் தெரியாதவன் என்று பாடம் எடுப்பார்கள். 2018இல் தெற்கிலிருந்து பியோங்யாங்குக்குப் போன பாடகர்கள் அங்கே புகழ்பெற்ற ஓங்னியூக்வான் உணவகத்தில் உட்கார்ந்தபோது, அங்கே பரிமாறுபவர்களே நூடுல்ஸ் மேல் வினிகரை ஊற்றச் சொல்லி, சிவப்புக் காரச்சாந்தும் சேர்க்கக் கொடுத்தார்கள். தெற்கத்திய பண்டிதர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்! பிரிந்துபோனவர்கள் 1950இன் ருசியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காத்துக்கொண்டிருக்க, ஊரில் இருந்தவர்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த ஊரிலும் புலம்பெயர்ந்தவர்கள் கதை இதுதான். அந்த ஏப்ரல் 27ஆம் தேதி இரு கொரியத் தலைவர்களும் சந்தித்த உச்சிமாநாட்டுக்குக் கிம் ஜோங் உன் அதே உணவகத்து நேங்மியோனைக் கொண்டுவந்தார். “தூரத்திலிருந்து வந்தது... தூரம் என்று சொல்லக்கூடாதோ” என்று அவர் சமாளித்ததைக் கேட்டு நாடே சிரித்தது, மதியம் சியோல் நேங்மியோன் கடைகளில் தெருமுனைவரை வரிசை. நானும் அந்த வரிசையில் ஒரு மணி நேரம் நின்றவன்தான்.

பண்பாட்டைச் சொந்தம் கொண்டாடுவதில் போட்டியும் உண்டு. யுனெஸ்கோ பட்டியலில் ஆரிராங் பாட்டைத் தெற்கு 2012இல் பதிந்தது, வடக்கு 2014இல் தனியாகப் பதிந்தது. கிம்ச்சி செய்யும் வழக்கமும் அப்படியே, 2013, 2015. முதன்முதலாக 2018 நவம்பரில் ‘சிரும்’ மல்யுத்தத்தை இருவரும் சேர்ந்து பதிந்தார்கள். இரண்டு பேர் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் மண்ணில் சாய்க்கும் ஆட்டம்தான் சேர்ந்து பதிய வாய்த்தது.

சேர்ந்து வேலை செய்தும் பார்த்திருக்கிறார்கள். கேசோங் தொழிற்பேட்டையில் 2004 முதல் 2016 பிப்ரவரிவரை, உச்சத்தில் 120க்கும் மேற்பட்ட தெற்குக் கம்பெனிகளும் ஏறக்குறைய 55,000 வடக்குத் தொழிலாளர்களும் இருந்தார்கள். சம்பளத்தைத் தொழிலாளர் கையில் நேராகக் கொடுக்க முடியாது என்பதால் கூடுதல் வேலைக்கு ‘சோக்கோ பை’ என்ற சாக்லெட் தின்பண்டம் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சாப்பிடாமல் சந்தையில் விற்றார்கள். அந்தச் சந்தைக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1990களின் நடுவில் வந்த பஞ்சத்தில் அரசு ரேஷன் நின்றுபோனது. செத்தவர்கள் கணக்கு இரண்டரை லட்சத்திலிருந்து முப்பது லட்சம்வரை ஆளுக்கு ஆள் மாறும். ஆய்வாளர்கள் பலர் 6 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் இடையில் வைக்கிறார்கள். பிழைத்தவர்கள், முக்கியமாகப் பெண்கள், ‘ஜாங்மாதாங்’ என்ற சந்தைகளில் விற்று வாங்கிப் பிழைத்தார்கள். அந்தச் சந்தைகளில்தான் சீனாவிலிருந்து வந்த பென் டிரைவ்களில் தெற்கு நாடகங்கள் புழங்கின.

இங்கேதான் நண்பரின் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. விலகிக்கொண்டே போகிறார்கள் என்பது தானாக நடப்பது மாதிரி பேசுகிறோம். ஆனால் 2000க்குப் பிறகு வடக்கு இளைஞர்களின் பேச்சு சியோலை நோக்கி நகர ஆரம்பித்திருந்தது. அதற்கு நம்பகமான சாட்சி வடக்கு அரசே. 2020இல் தெற்குப் படைப்புகளைப் பார்ப்பதற்கு எதிராக ஒரு கடும் சட்டம் போட்டார்கள். 2023 ஜனவரியில், பியோங்யாங் பண்பாட்டு மொழிப் பாதுகாப்புச் சட்டம் என்று, பேச்சுக்காகவே இன்னொன்று. அதன் வாசகம் வெளியே வந்திருக்கிறது. சொந்த அண்ணன் அல்லாதவரை ‘ஓப்பா’ என்று அழைக்கக்கூடாது. குழந்தைகள் சங்க வயதுவரை பரவாயில்லை, இளைஞர் சங்கத்துக்கு வந்தபின் ‘தோங்மு’, ‘தோங்ஜி’ (தோழர்) என்றுதான் சொல்ல வேண்டும். வாக்கியத்தின் கடைசியை இழுத்து உயர்த்தும் ராகம்கூடக் குற்றம். ஆறு வருடமும் அதற்கு மேலும் உழைப்பு முகாம், பரப்பினால் மரண தண்டனைவரை போகலாம். எத்தனை பேர் தண்டனை பெற்றார்கள் என்று வரும் எண்களை நான் நம்பித் திருப்பிச் சொல்வதில்லை, வெளியே இருந்து சரிபார்க்க வழியில்லை. சட்டம் இருப்பது மட்டும் உறுதி. தெருவில் யாரும் பேசாத பேச்சைத் தடுக்க எவரும் சட்டம் போடமாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால் ‘தோங்மு’ பழைய கொரியத்தில் நண்பன் என்பதற்கான இனிய சொல், சிறுவர் பாட்டில் எல்லாம் வரும். வடக்கு அதைத் ‘தோழர்’ ஆக்கிக்கொண்டதால் தெற்கு பயந்துபோய்க் கைவிட்டு, ‘சிங்கு’வைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் எடுத்துக்கொண்டதற்காக இன்னொருவர் இழந்த சொல்.

2023 டிசம்பரில் கிம் ஜோங் உன், இனி தெற்கு உறவு கிடையாது, பகை நாடு என்று அறிவித்தார். அடுத்த மாதமே பியோங்யாங்கில் இருந்த மறுஇணைப்பு வளைவை இடித்தார்கள். 2024 அக்டோபரில் எல்லை தாண்டும் சாலையையும் தண்டவாளத்தையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தேசிய கீதத்தில் முழுத் தீபகற்பத்தையும் குறிக்கும் ‘மூவாயிரம் ரி’ (ரி என்பது பழைய தூர அளவு) என்ற சொல்லைக்கூட எடுத்துவிட்டார்கள். தெற்கின் கீதத்தில் அதே மூவாயிரம் ரி இன்னும் இருக்கிறது, ஆனால் பாடும் இளைஞர்களைக் கேட்டால் மறுஇணைப்பு அவசியம் என்போர் குறைந்துகொண்டே வருகிறார்கள். செலவு யார் தலையில் விழும் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பாட்டியின் ஊர் என்ற நினைப்புக்கூட இல்லாத தலைமுறை. இரண்டு பக்கத்து அறிஞர்களும் 2005இல் சேர்ந்து தொடங்கிய பெரிய கூட்டு அகராதி, ஏறக்குறைய 3 லட்சம் சொல்லுக்குத் திட்டமிட்டது. 25 கூட்டங்கள் நடந்தன, கடைசிக் கூட்டம் 2015 டிசம்பரில்.

நாடகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கிருந்து வந்தவர்களைப் பேச்சுப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு எடுப்பவை கேட்கச் சரியாகவே இருக்கும். மற்றவை பியோங்யாங்கைச் சுற்றியுள்ள பழைய பியோங்கான் வட்டார ராகத்தை நகைச்சுவைக்காக நீட்டுபவை. என் மாணவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், எங்கள் ஊர்த் தாத்தாக்கள்கூட இப்படிப் பேசமாட்டார்கள் என்பார்கள்.

தெற்குக்கு இதுவரை வந்து சேர்ந்தவர்கள் சுமார் 34,000 பேர். 2009இல் மட்டும் 2,900க்கு மேல் வந்தார்கள், கொரோனாவுக்காக எல்லை அடைத்த 2021இல் 63 பேர். வந்தவர்களில் நிறையப் பேர் தரகர் மூலம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள், நூற்றுக்கு முப்பது கமிஷன் போக. பணம் சேர்ந்ததா என்று உறுதிசெய்ய, தரகர் ஆள் எல்லையோரத்து மலையில் சீனக் கைபேசியோடு வீட்டாரை அழைத்துவந்து ஓரிரு நிமிடம் பேசவைப்பார். தண்ணீருக்காகக் காத்திருந்த அந்தப் பெண் மூன்று வருடம் கழித்து அப்படித்தான் அம்மாவிடம் பேசினாள். பழக்கதோஷத்தில் “யொபோசேயோ (ஹலோ), அம்மா, நல்லா இருக்கீங்களா” என்று வாக்கியக் கடைசியை உயர்த்திச் சியோல் ராகத்தில் கேட்டிருக்கிறாள். மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம் இணைப்பு துண்டிக்கப்பட்டது. யாரோ போலீஸ் பொறி வைக்கிறார்கள் என்று அம்மா பயந்துவிட்டாராம். தரகரிடம் கெஞ்சி, அரை மணி கழித்து இரண்டாவது அழைப்பு. இந்த முறை அவள் ஹாம்க்யோங் பேச்சில், சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொல்லித் தொடங்கினாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். “இரொப்தா” என்றார் அம்மா.